முன்பணம் கொடுப்பதற்கு முன்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 1967ஆம் வருடத்து கார்வெட் ஸ்டிங் ரே கூப்பே, 427 கன அங்குல எஞ்சின், மூன்று ஹோலி கார்புரேட்டர், நாலு கியர். நீ ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஷெவர்லே செய்ததிலேயே அழகான கார் எது என்று கேட்டால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் விற்பவர் விளம்பரத்தில் ‘நம்பர் மேட்சிங்’ என்று போட்டிருக்கிறாரே, அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் விலை அவ்வளவு ஏறியிருக்கிறது. செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் இந்தக் காருக்குள் இறக்கிய அதே எஞ்சின்தான் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது உண்மையா என்று பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதே.

உனக்குள் ஒரு நினைப்பு இருக்கும்: டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் சுத்தமாக இருக்கிறது, வின் என்ற காரின் அடையாள நம்பர் சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன? நம் ஊர்ப் பழக்கம் அது. அங்கே ஆர்.சி. புக்கில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் ஏறியிருக்கும். எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயாக வேண்டும். அமெரிக்காவில் அந்தக் காலத்துக் காரின் டைட்டிலில் வின் மட்டும்தான் இருக்கும். அந்த வின்னும் எஞ்சினைப் பற்றி வாய் திறக்காது. 1967 கார்வெட் கூப்பே என்றால் 194377எஸ் என்று ஆரம்பிக்கும். 1 என்பது ஷெவர்லே, 94 கார்வெட், 37 கூப்பே (கன்வெர்ட்டிபிளுக்கு 67), அடுத்து வரும் 7 வருடத்துக்கு, எஸ் செயின்ட் லூயிஸுக்கு. அதற்குப் பிறகு 100001இல் தொடங்கும் வரிசை எண். அவ்வளவுதான். என்ன எஞ்சின் என்று சொல்லும் எழுத்து கார்வெட்டின் வின்னில் 1972இல்தான் வந்தது.

ஏமாற்றுவதற்கு வழி இங்கேதான் திறக்கிறது. அந்த வருடம் செய்த 22,940 கார்வெட்டில், நீ பார்க்கும் 435 குதிரைசக்தி எல்-71 எஞ்சின் போட்டவை 3,754 மட்டும். மற்றவற்றில் பெரும்பங்கு 327 எஞ்சின் வண்டிகள். ஒரு சாதாரண 327 காரை வாங்கி, வேறெங்கிருந்தோ ஒரு 427 எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கி, நடுவில் புடைத்த பானெட்டை மாட்டி, எஞ்சினில் புதிதாக நம்பரை அடித்துவிட்டால் காகிதத்தில் எந்த முரணும் தெரியாது. பணம் எவ்வளவு புரள்கிறது என்று தெரிய ஒன்று சொல்கிறேன். அதே வருடம் எல்-88 என்ற பந்தய எஞ்சினோடு வெறும் 20 கார் வந்தது. அதில் ஒன்று 2014இல் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. எஞ்சின் அசல் என்பதற்கு இப்படி விலை கொடுக்க ஆள் இருக்கும்போது, நம்பர் பஞ்ச் எடுத்து அடிக்கவும் ஆள் இருக்கும்.

சரி, போய் என்ன பார்க்க வேண்டும்? எஞ்சின் பிளாக்கின் முன்புறம், டிரைவருக்கு எதிர்ப்பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் இரும்பில் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். பேட் என்பார்கள். அதில் இரண்டு வரிசை எண் இருக்க வேண்டும். ஒன்று எஞ்சின் செய்த இடத்தில் அடித்தது: டி0315ஜேஇ என்பது போல. டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா தொழிற்சாலை. 427 எஞ்சின்கள் அங்கேதான் உருவாயின. 0315 என்பது மார்ச் 15. ஜேஇ என்றால் நாலு கியர் வண்டிக்கான 435 குதிரைசக்தி எஞ்சின். அங்கே ஐஎல் என்று இருந்தால் அது 390 குதிரைசக்தி; மேலே எத்தனை கார்புரேட்டர் மாட்டியிருந்தாலும் சரி. முன்னெழுத்து டி இல்லாமல் ஃபிளிண்ட் தொழிற்சாலையின் எழுத்தாக இருந்தால் அது 327 பிளாக், பேச்சு அதோடு முடிந்தது. இரண்டாவது வரிசை செயின்ட் லூயிஸில், எஞ்சினைக் காரோடு சேர்க்கும்போது அடித்தது: வருடத்துக்கான 7, அடுத்து வின்னின் கடைசி ஆறு இலக்கம். இந்த ஆறும் கையுறைப் பெட்டிக்குக் கீழே உள்ள வின் தகட்டின் கடைசி ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இருந்தால் போதுமா என்று கேட்பாய். போதாது. பொய்யாக அடிப்பவனும் அதே ஆறு இலக்கத்தைத்தான் அடிப்பான். அதனால் எண்ணைப் படிப்பதற்கு முன்னால் இரும்பைப் படி. நான் மெஷின் ஷாப்பில் இருந்த காலத்தில் கற்றது இது. பிளாக்கின் மேல்பரப்பைத் தொழிற்சாலையில் புரோச் என்ற பல் வைத்த பெரிய வெட்டுக் கருவியால் ஒரே இழுப்பில் சீவுவார்கள். பேடும் அந்த இழுப்பிலேயே சீவப்படும். அதனால் அசல் பேடில் முன்னிருந்து பின்னாக, மயிரிழை போல நெருக்கமான நேர்கோடுகள் ஓடும். நம்பர் அந்தக் கோடுகளின் மேல் அடித்ததாக இருக்கும். பழைய நம்பரை அழிக்க அரைத்தவன் கோடுகளையும் அழித்துவிடுவான். பிறகு உப்புத்தாள் தேய்த்துச் செயற்கையாகக் கோடு போடப் பார்ப்பார்கள். ஆனால் அது குறுக்கே திரும்பும், ஆழம் ஒரே மாதிரி இராது, ஓரத்தில் வளைந்து மழுங்கும். பேட் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படு. இரண்டு வரிசையும் ஒரே அச்சு, ஒரே ஆழம், ஒரே அழகில் இருந்தால் இன்னும் சந்தேகப்படு. ஒன்று டோனவாண்டாவில், ஒன்று செயின்ட் லூயிஸில், வேறு வேறு ஆள் வேறு வேறு கருவியால் அடித்தது. அவை அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

பேட் எண்ணெயும் பெயின்ட்டும் படிந்து கிடக்கும். துணியில் கார்புரேட்டர் கிளீனர் நனைத்து மெல்லத் துடை. பெயின்ட் இருந்தால், சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு, பெயின்ட் ரிமூவர் தடவிக் காத்திரு. உப்புத்தாளும் கம்பி பிரஷும் கிட்டேயே போகக் கூடாது. நீயே சாட்சியத்தை அழித்துவிடுவாய். துடைத்த பிறகு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியை லேசாகத் தேய்த்தால் எண்கள் பளிச்சென்று எழும். டார்ச்சை நேர்மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படம் எடு. அப்போதுதான் கோடும் பள்ளமும் தெரியும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நல்ல காரையும் தள்ளிவிடுவாய். அசல் எஞ்சினை நாணயமாக ரீபில்ட் செய்தவரும் பிளாக்கின் மேல்பரப்பைச் சமப்படுத்தச் சீவியிருக்கலாம். அதில் பேடின் எண்கள் மங்கலாம், முழுக்கப் போகவும் போகலாம். 1970களில் இந்த நம்பரைப் பலரும் பெரிதாக நினைக்கவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, ஓடினால் போதும் என்றிருந்தார்கள். ஆகவே நம்பர் இல்லாத பேட் பொய் சொல்லவில்லை, நிரூபிக்க முடியாததாக இருக்கிறது, அவ்வளவே. திரும்ப அடித்த நம்பர்தான் பொய்.

அடுத்து வார்ப்புத் தேதி. பொய் அடிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பிளாக்கை வார்க்கும்போதே அச்சிலிருந்து எழும்பி வருகிற புடைப்பு எழுத்து அது. பஞ்ச் வைத்து மாற்ற முடியாது. 427 பிளாக்கில் ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கும் பக்கம் தேடு. காரைத் தூக்கி நிறுத்தினால்தான் சரியாகத் தெரியும். முதல் எழுத்து மாதம், ஏ ஜனவரி, எல் டிசம்பர். அடுத்து நாள். கடைசி இலக்கம் வருடத்தின் கடைசி எண். சி67 என்று இருந்தால் மார்ச் 6, 1967. அந்த பிளாக் மார்ச் 15இல் முழு எஞ்சினாகி, அதற்குப் பிறகு செயின்ட் லூயிஸ் போய்க் காருக்குள் இறங்கியது என்றால் கதை கோர்வையாக இருக்கிறது. பேடில் மார்ச் 15 என்றிருக்க, வார்ப்பில் எஃப்207, அதாவது ஜூன் 20 என்றிருந்தால், வார்க்காத பிளாக்கில் நம்பர் அடித்தார்களா? உடனே வண்டியை விட்டு விலகு. வார்ப்பு எண்ணை பிளாக்கின் பின்பக்கம், டிரைவர் பக்கத்து விளிம்பில் படி. அந்த வருடத்து 427இல் 3904351 என்பது பரவலாகக் காணும் எண். 327 பிளாக்குக்கு 3892657. காரின் டிரிம் தகட்டிலும் மாதத்துக்கு ஓர் எழுத்து உண்டு, ஆனால் அங்கே ஏ என்றால் ஜனவரி அல்ல, அந்த மாடலின் உற்பத்தி தொடங்கிய மாதம். இதில் பலர் குழம்புவார்கள்.

கியர்பாக்ஸையும் விடாதே. இந்தக் காரில் வரும் மன்சி என்ற நாலு கியர் பெட்டியின் மேலும் வின்னின் எண்களை அடித்திருப்பார்கள். நம்பரைப் போலியாக அடிப்பவர் எஞ்சினோடு நிறுத்திக்கொள்வதுண்டு. கியர்பாக்ஸ் எண்ணின் படத்தையும் பேடின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தெரியும். சேஸிஸின் டிரைவர் பக்க நீளச் சட்டத்திலும் பின்சக்கரத்துக்கு மேலே வின் இருக்கும். ஃபைபர் பாடி மூடியிருப்பதால் சின்னக் கண்ணாடியும் விளக்கும் வேண்டும். பின்பக்கம் ஸ்டெபிலைசர் பார் இருக்கிறதா பார். பெரிய எஞ்சின் வண்டிக்கு அது உண்டு; அதை மாட்ட மறந்த கள்ளக் கார்கள் உண்டு.

காகிதங்களைப் பற்றி. ஜாகுவாருக்கும் போர்ஷேவுக்கும் கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்துச் சான்று வாங்கலாம். ஜாகுவாரின் சான்றில் எஞ்சின் நம்பரே இருக்கும். அமெரிக்காவில் விற்ற அந்தக் காலத்து கார்வெட்டுக்கு அந்த வசதி இல்லை. கனடாவில் விற்றதாக இருந்தால் மட்டும் ஜி.எம். கனடாவிடம் கேட்டு வாங்கலாம். என்.சி.ஆர்.எஸ். என்ற கார்வெட் சங்கம் 1974 முதல் இருக்கிறது, நல்ல சங்கம். அவர்கள் கொடுக்கும் விருது, தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தது போல இப்போது தோன்றுகிறதா என்பதற்கான மதிப்பெண். எஞ்சின் அசல் என்பதற்கான உத்தரவாதமாக அதைக் காட்டினால் ஏற்காதே. உண்மையில் கனமான காகிதம் இரண்டு. பெட்ரோல் டாங்கியின் மேல் ஒட்டிய தொழிற்சாலை ஆர்டர் தாள். 1967இல்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது, டாங்கியை இறக்கினால்தான் பார்க்கலாம். மற்றது புரொடெக்ட்-ஓ-பிளேட், வாரண்டிப் புத்தகத்தோடு வந்த சிறு உலோகத் தகடு. வின்னும் எஞ்சின் எழுத்தும் அதில் புடைத்திருக்கும். இரண்டையும் போலியாகச் செய்து விற்பவர்கள் உண்டு. அதனால் காகிதம் இரும்புக்குத் துணை, அதற்கு மாற்று ஆகாது. உன் தாத்தா மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம் வாங்கியதில்லை. பத்திரம் சரியாக இருந்தாலும் நேரே போய் நாலு எல்லைக் கல்லையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். அந்தக் கண் உனக்கும் வேண்டும்.

விற்பவரிடம் ‘நம்பர் மேட்சிங்கா?’ என்று கேட்காதே. அந்தப் பேச்சை ஆளுக்கொரு விதமாக வளைப்பார்கள்: வார்ப்பு எண்ணும் தேதியும் பொருந்தினாலே சிலருக்கு அது மேட்சிங். ‘செயின்ட் லூயிஸில் இந்தக் காருக்குள் போட்ட எஞ்சின் இதுதானா? பேடை யாராவது தொட்டிருக்கிறார்களா?’ என்று நேராகக் கேள். எஞ்சின் அதுதான், பேடை யாரும் தொடவில்லை என்றால் விற்பனைச் சீட்டில் அதே வார்த்தைகளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். எழுதத் தயங்குகிறவர் பதில் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள். கூடவே, கார்வெட் மட்டுமே பார்க்கும் ஒரு ஆளை நீயே கூலி கொடுத்துக் கூட்டிப் போ. விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம்.

வின் தகட்டையும் கவனமாகப் பார். எஞ்சின் போனால் பணம் போகும், இதில் காரே போகும். கான்சாஸில் 2017இல் ஒருவர் முறைப்படி விலை கொடுத்து வாங்கிய 1959 கார்வெட்டைப் போலீஸ் பறிமுதல் செய்தது. முன்பு ரெஸ்டோர் செய்தபோது வின் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்ததுதான் காரணம். காரை நசுக்க உத்தரவு கேட்கும் அளவுக்குப் போனது. 2022இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. தகடு ஆடினாலோ ஒட்டியதுபோல் இருந்தாலோ வேறு எதையும் பார்க்க வேண்டாம், திரும்பிவிடு.

எஞ்சின் அசல் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? விற்பவர் அதை மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலையும் கேட்டால், தாராளமாக வாங்கு. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டத்தானே ஆசைப்படுகிறாய். மாற்று எஞ்சின் போட்ட நல்ல 427 உனக்குக் கொடுக்கும் சந்தோஷத்தில் குறைவே இருக்காது. சேதம் ஆகுமோ என்று பயந்து கொட்டகையில் பூட்டி வைக்கவும் தோன்றாது. பொய்யாக நம்பர் அடித்த காரை மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. நாளைக்கு நீ விற்கும்போது அந்தப் பொய்யை உன் வாயால் சொல்ல வேண்டிவரும். நம் வீட்டுப் பிள்ளை அதைச் செய்ய வேண்டாம்.

சனிக்கிழமை போவதாக எழுதியிருக்கிறாய். போ, பார், ஓட்டியும் பார். செக் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. பேட், வார்ப்புத் தேதி, கியர்பாக்ஸ், வின் தகடு நாலையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா