கட்டத்தாளில் ஒரு குடும்பம்

திருப்பருத்திக்குன்றத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டுத்தறி ஓடுகிற வீடுகளில் டிசைன் போடும் கட்டத்தாள் ஒன்றாவது கிடக்கும். வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி தெரிந்தால் அதில் ஒரு முழுத்தாளை எடுத்துவையுங்கள். மகளின் புறங்கையில் வெள்ளை கண்டதும் "இது யார் வழியில் வந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பழி போடக் கேட்கிற அந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டால் வைத்தியத்துக்கு உதவும்.

முதலில், அது வெண்புள்ளிதானா என்று தோல் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். வெண்புள்ளி பால்வெள்ளையாக இருக்கும்; தொடு உணர்ச்சி குறையாது. தேமலில் பொடிபோலச் செதில் உதிரும். தொழுநோய்த் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும், பெரும்பாலும் மரத்துப்போகும். சந்தேகமிருந்தால் செங்கல்பட்டு திருமணியில் மத்திய தொழுநோய் நிறுவனமே இருக்கிறது. வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் ஒட்டுறவே இல்லை. 'வெண்குஷ்டம்' என்ற சொல்தான் குழப்பியது. அதைக் கைவிட்டு 'வெண்புள்ளிகள்' என்றே எழுதத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருக்கிறது.

அடுத்து தாளை விரியுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாத்தா பாட்டியில் தொடங்கி மூன்று தலைமுறை. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் அந்த இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு.

இனி விசாரணை. "தன்னெதிர்ப்பு நோய் உண்டா?" என்று பெரியம்மாவிடம் கேட்டால் விழிப்பார். இப்படிக் கேளுங்கள்: காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவது யார்? சின்ன வயதிலேயே இன்சுலின் ஊசி போட்டவர் யார்? புழுவெட்டு விழுந்தவர்? காலையில் விரல் மடக்க முடியாமல் முடக்குவாதம் வந்தவர்? ரத்தசோகைக்கு பி12 ஊசி தொடர்ந்து போடுபவர்? வெண்புள்ளியோ இவற்றில் ஒன்றோ உள்ளவரின் சதுரத்தையோ வட்டத்தையோ பென்சிலால் நிரப்புங்கள். ஐம்பது வயதில் வந்த சர்க்கரையை இதில் சேர்க்க வேண்டாம், அது வேறு வகை.

இவை ஏன் ஒரே தாளில்? உடலின் காவல்படை சொந்த அணுக்களையே தாக்குவதுதான் எல்லாவற்றிலும் நடக்கிறது. நிறமி அணு அடிபட்டால் வெண்புள்ளி; தைராய்டு அடிபட்டால் தைராய்டு நோய். இந்த நோய்கள் கூட்டமாக வரும் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்ப்ரிட்ஸ் குழு, 2007-ல் என்எல்ஆர்பி1 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டியது. பிறகு ஏறக்குறைய 50 மரபணு இடங்கள் தெரியவந்தன. அவற்றில் ஒன்று வேடிக்கையானது: டைரோசினேஸ் மரபணுவில் வெண்புள்ளிக்கு வழிவிடும் வடிவம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் குறைக்கிறது.

இத்தனை இருந்தும் மரபு விதி அல்ல. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 23 சதவீதம்தான். உடன்பிறந்தவருக்கு சுமார் 6. வரன் பார்க்க வருகிறவர்களிடம் இந்த எண்களைத் தயங்காமல் சொல்லுங்கள். காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்வது, என் கருத்தில், வீண்.

தாளை மருத்துவரிடம் காட்டி டிஎஸ்எச், தைராய்டு எதிர்ப்பொருள் சோதனை தேவையா என்று கேளுங்கள். களைப்பு, எடை மாற்றம், மாதவிடாய்க் குழப்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். புள்ளி புதிதாக இருக்கும்போதே களிம்போ புறஊதாக் கதிர் சிகிச்சையோ தொடங்கினால் பலன் கூடுதல்.

வீட்டில் செய்ய வேண்டியது: பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, செருப்பு வார் உரசும் புறங்கால் இரண்டையும் பாருங்கள். உரசலும் காயமும் பட்ட இடத்தில் புதுப் புள்ளி எழலாம். ஒட்டும் பொட்டின் பசையிலும் ரப்பர் செருப்பிலும் உள்ள சில ரசாயனங்கள் நிறமி அணுவையே கொல்லும்; நெற்றியில் பொட்டளவு வெள்ளை விழுந்தால் அன்றே நிறுத்துங்கள். குங்குமத்துக்கு மாறுவதானாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தாளை ரேஷன் கார்டோடு பீரோவில் வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு வரும் சித்தி தைராய்டு மாத்திரை தொடங்கியிருந்தால், அவர் வட்டத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொள்ளலாம்.