வீட்டுக்கு ஒரு காட்சிக் களஞ்சியம்

தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சி ஆற்று நீரைப் போன்றது. வேண்டுவோர் அந்த நேரத்தில் கரையில் நிற்றல் வேண்டும். பிந்தினால் நீர் கடலுக்குப் போய்விடும். ஆகவேதான் நம் முன்னோர் ஆற்று நீரைக் குளங்களில் தேக்கினர். குளம் வெட்டியதோடு வேலை முடியவில்லை. மடையைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் உடன் எழுந்தது. நிகழ்ச்சிகளைத் தேக்கி வைக்கும் கருவியைப் பற்றியும் நாம் இவ்விரண்டையே கேட்டல் வேண்டும். தேக்குவது எங்ஙனம்? மடை யார் கையில்?

தம்பானூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவன் நான். முன்னர்ப் பொதிகை என்றும் 2024 முதல் டிடி தமிழ் என்றும் வழங்கும் தொலைக்காட்சியில் நான் விரும்பும் நிகழ்ச்சி, பெரும்பாலும் வகுப்பு நேரத்திலேயே வந்து போகும். ஆகவே எங்கள் மாடியில் நால்வர் கூடி, ஒரு பழைய கணிப்பொறியைக் கொண்டு பதிவுக் கருவி ஒன்றை அமைத்தோம். அம்முறையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலை வரும் வழி

பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் வேறொரு பெயரில் தொடங்கிய சேவை. அதற்கு மாதக் கட்டணம் இல்லை. அதன் அலைகள் கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. நம் நகரிலிருந்து கணக்கிட்டால், தட்டு கிழக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 26 பாகை திரும்பி, அடிவானத்திலிருந்து 68 பாகை உயர்ந்து நோக்குதல் வேண்டும். இவ்வளவு நிமிர்ந்து நோக்குவதால் தம்பானூரின் உயர்ந்த விடுதிக் கட்டடங்கள் அதிகம் மறைப்பதில்லை. இடவப்பாதி மழை கொட்டும்போதுதான் அலை மெலியும்.

தட்டின் முனையிலுள்ள எல்.என்.பி. அலையின் அதிர்வெண்ணைக் குறைத்துக் கம்பி வழியே அனுப்பும். கணிப்பொறியில் செருகிய டி.வி.பி.-எஸ்2 ட்யூனர் அதனை எண்களாக மாற்றும். இவ்வெண்கள் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகின்றன. ஒரே அலையில் பல சேனல்களின் பொட்டலங்கள் கலந்திருக்கும். எனினும் ஒவ்வொன்றின் மேலும் அடையாள எண் உண்டு. வேண்டிய எண்ணுடைய பொட்டலங்களைப் பொறுக்கி ஹார்டு டிஸ்க்கில் எழுதுவதே பதிவு எனப்படும். படத்தைச் சுருக்கும் பெரிய வேலையை ஒளிபரப்புவோரே செய்து அனுப்புகின்றனர். எனவே பழைய கணிப்பொறியே போதும்; ஒரே அலையில் வரும் இரண்டு மூன்று சேனல்களை ஒரு ட்யூனரே ஒருசேரப் பதியும்.

விநாடிக்கு 40 லட்சம் பிட் வரும் சேனல் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட் ஆகும். 1 டெராபைட் டிஸ்க்கில் சுமார் 550 மணி நேரம் அடங்கும். கணிப்பொறி 40 வாட் இழுத்தால், இரவும் பகலும் ஓடினாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரமே செலவாகும்.

பதிபவரும் பரிமாறுபவரும்

கணிப்பொறியில் முதலில் டெபியன் லினக்ஸை நிறுவுதல் வேண்டும். அதன்மேல் இரு மென்பொருள்கள் தேவை. டிவிஹெட்எண்ட் என்பது பதிபவர்: சேனல்களைத் தேடும், நிகழ்ச்சி நிரலைப் படிக்கும், குறித்த வேளையில் பதியும். ஜெல்லிஃபின் என்பது பரிமாறுபவர்: பதிந்தவற்றைப் பட்டியலிட்டு வைஃபை வழியாகக் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் அனுப்பும். ஒளிபரப்பு நேரம் சற்று முன்பின்னாக அமைவதுண்டு. ஆகவே 2 நிமிடம் முன்னதாகத் தொடங்கி 10 நிமிடம் பின்னதாக முடியுமாறு குறித்தல் நன்று.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. பழைய எம்பெக்-2 முறையில் வரும் படத்தைக் கைபேசியின் பிரௌசர் பொதுவாகக் காட்டாது. பார்க்கும்போதே மாற்றித் தரச் சொன்னால் பழைய கணிப்பொறி திணறும். இரவில் ஒருமுறை எஃப்எஃப்எம்பெக் கொண்டு மாற்றி வைத்துவிட்டால் அத்தொல்லை இல்லை.

மடை யார் கையில்?

1999இல் அமெரிக்காவில் டிவோ என்னும் பதிவுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளே ஓடியது லினக்ஸே. ஆயினும், வாங்கியவர் அம்மென்பொருளைத் திருத்தி ஏற்றினால் பெட்டி அதனை ஏற்க மறுத்தது. மூல நிரல் கையில் இருந்தும் மடை பூட்டப்பட்டிருந்தது! இத்தகைய பூட்டைத் தடுக்கும் விதிகள் 2007இல் வெளியான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பெற்றன.

எம்பி என்னும் மென்பொருளின் கதையும் அறியத்தக்கது. அதனை உருவாக்கியோர் 2018இல் மூல நிரலை மூடிவிட்டனர். அதுவரை திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் வளர்த்ததே ஜெல்லிஃபின். நிரல் முன்பு திறந்திராவிடில் பயன்படுத்துவோர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கட்டற்ற மென்பொருள் என்பது வெறும் இலவசம் அன்று, உரிமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உரிமைக்கு எல்லையும் உண்டு. பூட்டின்றி வரும் சேனல்களையே இம்முறையில் பதிதல் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நேர்மையான அளவில் இடந்தருகிறது. விற்கவோ பலருக்குப் பரப்பவோ அன்று.

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறநிறுவனம் 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றது இத்திருவனந்தபுரத்திலேதான். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் சிறுவர்கள் லினக்ஸிலேயே பயில்கின்றனர். இத்தகைய ஊரில் வாழும் தமிழ் மாணவர் நாம் பயன்படுத்துவதோடு நின்றுவிடல் ஆகாது. ஜெல்லிஃபினின் சொற்களை எவரும் மொழிபெயர்க்கலாம், திருத்தலாம். தமிழ் இலக்கணம் கற்றவர் அமர்ந்து பத்துச் சொற்களைச் செப்பனிட்டாலும், அதன் பயன் உலகெங்கும் உள்ள தமிழர் இல்லங்களைச் சென்றடையும். அப்பணிக்கு நம் சங்கத்தில் ஒரு குழு அமைப்போமாக!