நகையை அடகு வைக்கும் முன்: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் வரிசை

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் திறப்பது பீரோவைத்தான். நகை எவ்வளவு தேறும், யாரிடம் கைமாற்று கேட்கலாம் என்று பேச்சு ஓடும். ஆனால் அரசுக் காப்பீடும் நிவாரண நிதிகளும் இனிமேல் ஆகப்போகும் செலவுக்குத்தான் உதவும். கட்டி முடித்த பில்லுக்குப் பணம் தராது. நகைக்கடனோ இரண்டு மாதம் கழித்தும் கிடைக்கும். ஆகவே உரிமையாக வருவது முதலில், மனுப் போட்டு வாங்குவது அடுத்து, சேமிப்பும் கடனும் பிறகு. அதற்கும் மேல் குறைவதை மட்டும் ஊரிடம் கேளுங்கள். நெய்வேலி டவுன்ஷிப், மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர்க் குடும்பங்கள் இந்த வரிசையில் போனால் கடன் குறையும்.

1. செலவைத் தாளில் வாங்குங்கள்

"நாலைந்து லட்சம் ஆகும்" என்ற வாய்ப்பேச்சை வைத்து எங்கும் மனுக் கொடுக்க முடியாது. மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், டாக்டரின் கையெழுத்து, முத்திரையுடன் எஸ்டிமேட் கேளுங்கள். நோயின் பெயர், எந்தக் கட்டம், ஆபரேஷனுக்கு எவ்வளவு, கீமோ எத்தனை சுற்று, கதிர்வீச்சு எத்தனை நாள் என்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் போகும். அத்தனை நாளும் வெளியூரில் தங்கும் அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் சம்பளம் எதுவும் எஸ்டிமேட்டில் வராது. அவற்றை நீங்களே எழுதிக் கூட்டுங்கள். பயாப்சி ரிப்போர்ட், எஸ்டிமேட், ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் பல நகல்களோடு வையுங்கள்.

2. வீட்டில் என்ன அட்டை இருக்கிறது என்று பாருங்கள்

என்.எல்.சி. நிரந்தர ஊழியர் என்றால் நோயாளியின் பெயர் சார்ந்தோர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டவுன்ஷிப்பில் உள்ள என்.எல்.சி. பொது மருத்துவமனையில் காட்டி, ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு வெளியூர் போங்கள். அது இல்லாமல் தனியாரில் சேர்ந்துவிட்டு பில்லை நீட்டினால் இழுபறிதான். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் மருத்துவத் திட்டத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) குடும்பத்தாரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அதில் வழி உண்டு. தொழிலாளிக்கே நோய் என்றால் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதை டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கடலூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 1800 425 3993. ஒன்றை மறக்கக்கூடாது: சேரும்போதே காப்பீட்டு கவுன்ட்டரில் அட்டையைக் காட்டுங்கள். மருத்துவமனை முன் அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை அதில் சேரும்.

நோயாளிக்கு 70 வயது ஆகிவிட்டதா? ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு கிடையாது. சேரப்போகும் மருத்துவமனை அதை ஏற்குமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உதவி எண் 14555.

3. மருத்துவமனையைப் பணக் கண்ணாலும் பாருங்கள்

நெய்வேலிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய இடம் புதுச்சேரி ஜிப்மர். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் லாப நோக்கமில்லாதது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கீமோ மருந்தை இப்படியொரு பெரிய மருத்துவமனையில் முடிவு செய்துகொண்டு அடுத்தடுத்த சுற்றுகளை ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஏற்ற முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். வண்டிச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

மருந்துக்கு அம்ரித் மருந்தகம், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மூன்றிலும் விலை கேட்டுவிட்டு வெளிக்கடைக்குப் போங்கள். விலை உயர்ந்த மாத்திரை எழுதினால், அந்தக் கம்பெனிக்கு நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுத் தள்ளுபடி. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். இதற்கான சான்றை மருத்துவமனையே தரும்.

4. மனுக்களை ஒரே வாரத்தில் போடுங்கள்

பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு மனுவோடு எஸ்டிமேட், வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், போட்டோ இணைக்க வேண்டும். நெய்வேலி சட்டமன்றத் தொகுதி கடலூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது, கடலூர் எம்.பி. அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தொகை மருத்துவமனைக்கே நேராகப் போகும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதியில் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக அது கிடைக்கும். இதையும், இந்தியன் கேன்சர் சொசைட்டியின் கேன்சர் க்யூர் ஃபண்ட் போன்ற அறக்கட்டளை உதவிகளையும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். எந்த நிதி எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தெரியும்.

"உங்கள் மனு பாஸாகிவிட்டது, ப்ராசஸிங் ஃபீஸ் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

5. சொந்தப் பணம், பிறகு கடன்

மருத்துவச் செலவுக்குப் பி.எஃப். கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம், வட்டியும் இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் சிகிச்சைக்கும் எடுக்கலாம். அதற்கடுத்து கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன், பிறகு பேங்க்கிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன். நகையை மொத்தமாக வைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள். மீட்டர் வட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தாலும் மாட்டிக்கொண்டபின் மீள்வது பெரும்பாடு.

6. குறையும் தொகையை மட்டும் கேளுங்கள்

"உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் படிப்பவர் பரிதாபப்பட்டுவிட்டுக் கடந்துபோவார். கணக்கைச் சொன்னால் தன்னால் முடிந்தது எவ்வளவு என்று யோசிப்பார். மாதிரிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி:

"வணக்கம். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் கட்டம். சென்னையில் சிகிச்சை நடக்கிறது. மொத்தச் செலவு 4,80,000 ரூபாய். காப்பீட்டில் 2,60,000, பி.எஃப்., நகைக்கடன் சேர்த்து 1,40,000. குறைவது 80,000 ரூபாய். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தேவை. எஸ்டிமேட் இணைத்திருக்கிறேன். மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டலாம். நோயாளி எண்ணைக் குறிப்பிட்டால் போதும்."

நோயாளியின் சம்மதம் இல்லாமல் இதை அனுப்பாதீர்கள். படுக்கையில் கிடக்கும் போட்டோ வேண்டாம்; ஆதார் நகலைக் குழுக்களில் போடவே வேண்டாம். மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் திரட்டுவதானால் எவ்வளவு பிடித்தம், விளம்பரத்துக்குத் தனியாக எடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

என்.எல்.சி. ஊழியர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. என்.எல்.சி. ஒன்றிய அரசின் நிறுவனம் என்பதால், அதன் ஊழியர் வெளிநாட்டு நன்கொடை பெற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தடை போடுகிறது. உறவினர் அனுப்புவதற்கு விலக்கு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் நண்பர் தன் சம்பளத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினாலும் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பரிடம் வாங்கினால்தான் வம்பு. நிதி திரட்டும் முன் ஹெச்.ஆர். பிரிவில் எழுதிக் கேட்டுவிடுங்கள். உறவினர் அல்லாதவர்கள் தந்தது ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரிக் கேள்வியும் வரும், ஆடிட்டரைப் பாருங்கள்.

7. மொய் நோட்டு போலக் கணக்கு வையுங்கள்

கல்யாண வீட்டில் பத்து ரூபாயையும் பெயரோடு எழுதுகிறோம் அல்லவா, அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். நோயாளியைக் கவனிப்பவரிடம் இந்த வேலையைச் சுமத்தாமல் சித்தப்பாவோ மச்சானோ பொறுப்பெடுக்கட்டும். தேதி, பெயர், தொகை, எந்தப் பில்லுக்குப் போனது என்று நாலு பத்தி போட்டால் போதும். ஒவ்வொரு கீமோ முடிந்ததும் பணம் தந்தவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். தேவை தீர்ந்ததும் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் பல ஆண்டு செக்கப் இருக்கும். மிஞ்சும் பணம் அதற்கா, திருப்பித் தருவதற்கா, அதே வார்டில் இருக்கும் இன்னொருவருக்கா என்பதை முதல் ரூபாய் வாங்கும்போதே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் விரல் நீட்டமாட்டார்கள்.