சாகாதவளை எழுதும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

உன் நாவலின் கைப்பிரதியைப் படித்து முடித்தேன். முந்நூறு வயதுக்காரி, மணலூர்பேட்டையில் யாருக்கும் தெரியாமல் காலம் தள்ளுகிறாள். நரைக்காத அவள் தலைமுடிக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, வயதை மறைக்க அவள் படும் பாட்டை 'ஊர் மாறினாள்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாய். ஆற்றுக்கு அக்கரையில் குடியேறினாலும் தை 5 வருமே! அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும் அன்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தென்பெண்ணை மணலில்தான் நிற்கும். பழைய ஊர்க் கிழவி ஒருத்தி, "எங்க அம்மா சோட்டுப் பொண்ணு மாதிரியே இருக்கியே, யாரு வீட்டும்மா நீ?" என்று கையைப் பிடித்தால் என்ன சொல்வாள்? அதை எழுது. ரேஷன் கடைக் கைரேகையையும், ஆதாரில் போட்ட பிறந்த தேதியையும் எழுது. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் நாடகமொன்றில் (1922) 337 வயதுப் பாடகி ஒருத்தி வருகிறாள். பெயரை மாற்றிக்கொண்டே போகிறவள் முதலெழுத்துகளை மட்டும் மாற்றுவதில்லை. அந்த ஒரு பிடிவாதம் போதும், அவளை நம்பிவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய விஷயம் உன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜம்பைக்குப் போ. அங்குள்ள குகையை அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்ததாகச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சாவை விலக்கும் நெல்லிக்கனியை, அதன் பலனைச் சொல்லாமல் ஔவையிடம் நீட்டியவன் அந்த அஞ்சிதான். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். இங்கே ரகசியத்தை வைத்திருந்தவன் சாகப்போகிறவன். நீ அதைச் சாகாதவள் தலையிலேயே கட்டிவிட்டாய்.

கனியைத் தின்றவள், நீயும் சாகாமல் இரு என்று அவனை வாழ்த்துகிறாள். அது புறநானூற்றின் 91-ஆம் பாட்டு. 232-இல் அவன் நடுகல்லாகிவிட்டான். கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று பார்த்து நிற்கிறாள் ஔவை. அந்த நேரத்தில் நெல்லியின் நினைப்பு அவளுக்கு வந்ததா? பாட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு அங்கேதான் வேலை.

உன் கதையில் மூன்று கணவர்கள் ஒரே பத்தியில் செத்துப்போகிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை, தம்பி. இருவரை எடுத்துவிட்டு ஒருவனை மட்டும் வைத்துக்கொள். அவள் வயது அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கட்டும். தெரிந்ததாக அவன் ஒருநாளும் காட்டிக்கொள்ள வேண்டாம். அவன் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவளுக்கு அது தெரியவர வேண்டும். அந்த அத்தியாயத்தை எழுதி முதலில் அனுப்பு. மற்றதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்