இன்றைய காய்ச்சலுக்கு இன்றே இடம்
பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு

உங்களில் பலர் பகல் முழுவதும் பேரப்பிள்ளைகளோடு இருப்பவர்கள். மகனும் மருமகளும் ஆயர் குரோவுக்கோ மூவாருக்கோ வேலைக்குப் போன பிறகு பிள்ளையின் உடம்பு சுட ஆரம்பித்தால், அது முதலில் தெரிவது உங்கள் கைக்குத்தான். ஆளைப் பிடித்து, வண்டி பிடித்து கிளினிக்குக்குப் போனால், “அப்பாயின்மென்ட் இருக்கா பாட்டி?” என்று கவுண்டரில் கேட்கிறார்கள். காய்ச்சல் நாள் குறித்துக்கொண்டா வரும் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கோபம் நியாயமானதே. ஆனாலும் அந்தக் கேள்வி ஏன் வருகிறது, அன்றைக்கே இடம் கிடைக்க ஒரு கிளினிக் என்ன செய்யலாம், நீங்கள் என்ன செய்யலாம் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை அலைச்சல் குறையும்.

டிரெசர் இருந்த காலம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரட்டு முடிந்ததும் உடம்புக்கு முடியாதவர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆயா ஆள் அனுப்புவார். டிரெசர் அன்றே பார்ப்பார். அவரிடம் மருந்து வகை குறைவு, டாக்டர் வருவது எப்போதாவது. பிழைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் போனதும் உண்டு. அதனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைய நோயாளி அன்றே பார்க்கப்பட்டார் என்பது உண்மை.

தோட்டத்துக்கு வெளியே இருந்த கம்பங்களுக்காக 1953-இல் நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1970-களில் அது மாற்றியமைக்கப்பட்டு, ஏறக்குறைய 20,000 பேருக்கு ஒரு சுகாதாரக் கிளினிக், 4,000 பேருக்கு ஒரு கிராமக் கிளினிக் என்ற கணக்கு வந்தது. மெர்லிமாவ், செலண்டார் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டது, எடை பார்த்தது எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் டவுனுக்கும் தாமானுக்கும் வந்த பிறகு எல்லாரும் வந்து சேரும் வாசல் ஒன்றாகிவிட்டது. கூட்டத்தைச் சமாளிக்க நேரம் குறித்துக் கொடுக்கும் முறையும் வந்தது.

இடம் எங்கே போகிறது?

கணக்குக்காக ஒரு கிளினிக்கை வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு நாளில் 40 பிள்ளைகளைப் பார்க்க முடியும். 40 இடத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் காய்ச்சல், வயிற்றோட்டம் என்று இன்னும் 12 பேர் வந்து நிற்கிறார்கள். சிலரை நடுவில் நுழைப்பார்கள், அதனால் நேரம் வாங்கி வந்தவரும் காத்திருப்பார். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் கொடுப்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலே இருக்காது, இல்லாவிட்டால் அது மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும். இரண்டிலும் அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆக, இன்று தேவைப்பட்ட இடம் இன்று கிடைக்கவில்லை, அன்றைக்குக் கொடுத்த இடம் காலியாகப் போனது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு கிளினிக்கில் காத்திருப்பு போன வருடம் மூன்று வாரம், இந்த வருடமும் மூன்று வாரம் என்றால், டாக்டர் போதவில்லை என்றுதான் உடனே நினைப்போம். வீட்டுப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். மேலே குழாயில் விழும் தண்ணீரும் கீழே வெளியேறும் தண்ணீரும் ஒரே அளவாக இருந்தால் மட்டம் ஏறாது, இறங்காது. தொட்டியில் நிற்பது பழைய தண்ணீர். காத்திருப்பு கூடாமல் நிற்கிறது என்றால், வருகிற அளவுக்கு அந்தக் கிளினிக் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மூன்று வாரம் பின்தங்கிப் பார்க்கிறது என்று பொருள். தேங்கியதை ஒரு முறை இறைத்துவிட்டால் போதும். காத்திருப்பு மாதாமாதம் நீண்டுகொண்டே போனால் கதை வேறு. அங்கே உண்மையிலேயே ஆள் பற்றாக்குறைதான்.

இதைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவில் மார்க் மரே என்ற டாக்டரும் கேத்தரின் டன்டாவ் என்ற தாதியும். 1990-களில் வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனெண்டே என்ற மருத்துவ அமைப்பில் சாதாரணச் சந்திப்புக்கு 55 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சேர்ந்துபோன பட்டியலை முதலில் கூடுதல் வேலை பார்த்துத் தீர்த்தார்கள். பிறகு அன்றன்று வருபவருக்காக நாளின் பெரும்பகுதியைக் காலியாகவே வைத்தார்கள். ஓராண்டுக்குள் காத்திருப்பு ஒரு நாளாகக் குறைந்தது. நம் டிரெசருக்கு இதைச் சொன்னால், “இதில் என்ன புதுமை?” என்று கேட்டிருப்பார்.

ஆனால் இதையே மூடத்தனமாகவும் செய்ய முடியும். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு, குடும்ப டாக்டரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க வழி வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. இலக்கைக் காப்பாற்றச் சில கிளினிக்குகள் அதற்கு மேல் முன்பதிவே இல்லை என்று சொல்லிவிட்டன. 2005 தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு தாய் பிரதமர் டோனி பிளேரிடமே கேட்டார்: பிள்ளையை ஒரு வாரம் கழித்துக் காட்டச் சொல்கிறார் டாக்டர், அந்த நாளுக்கு இடம் கேட்டால் இரண்டு நாளுக்கு மேல் எழுத மாட்டோம் என்கிறார்களே! பிரதமருக்கு அது புதுச் செய்தி. முன்பதிவும் வேண்டும், அன்றைய இடமும் வேண்டும். எதற்கு எது என்று பிரிப்பதில்தான் காரியம் இருக்கிறது.

எதற்கு நாள் குறிக்க வேண்டும்?

தடுப்பூசிக்கும் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் நாள் குறித்தே போக வேண்டும், ஏனென்றால் அவை எப்போது வரும் என்று முன்பே தெரியும். ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி 2, 3, 5, 18 மாதங்களில். நிமோகோக்கல் ஊசி 4, 6, 15 மாதங்களில். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான ஊசி 9, 12 மாதங்களில். இந்த நாள்களைத் தவறவிடாதீர்கள். லேசான சளி இருக்கிறது என்று நீங்களாகவே தள்ளிப்போட வேண்டாம். கூட்டிப் போங்கள், போடலாமா என்பதைத் தாதி பார்த்துச் சொல்வார். நீங்கள் சொல்லாமல் வராமல் இருந்தால் அந்த இடம் வேறு யாருக்கும் பயன்படாது. முந்தின நாளே தொலைபேசியில் சொன்னால், பெம்பானிலோ ஆசஹானிலோ காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளைக்கு அது போகலாம்.

திடீர் நோய்க்கு நாள் வேண்டியதில்லை. அரசுக் கிளினிக்கின் வெளிநோயாளர் பிரிவில் நேரில் வருவோரையும் பதிந்துகொள்வார்கள், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. வந்த வரிசையில் மட்டும் பார்ப்பதில்லை. யாருக்கு அவசரம் என்று முதலில் ஒருவர் பார்த்துப் பிரிப்பார். உங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளை முன்னால் போனால் அதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். “நான் ஏழரைக்கே வந்துட்டேன்” என்று சண்டை போடுவதைவிட, உங்கள் பிள்ளை முன்பைவிட மோசமாகிறது என்றால் உடனே எழுந்து போய் அதைச் சொல்லுங்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். “உடம்பு சரியில்லை” என்றால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எத்தனை நாளாகக் காய்ச்சல், கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். கவுண்டரில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் “சுச்சு சாயா டெமாம், சுடா திகா ஹாரி” என்றால் போதும். உங்கள் மலாய் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். இந்தக் கையேட்டில் ‘சந்திப்பு நேரம்’ என்று அழகாக எழுதுகிறோம். அங்கே போய் அப்படிக் கேட்காதீர்கள், ‘தெமுஜஞ்சி’ என்றோ அப்பாயின்மென்ட் என்றோ கேளுங்கள்.

டாக்டர் கண்ணுக்குக் காய்ச்சல் தெரிய வேண்டும் என்று மருந்தே கொடுக்காமல் கூட்டி வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவு பாரசிட்டமோல் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் நீங்களாக எதுவும் கொடுக்காமல் நேரே கொண்டு போங்கள்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரம்

சில நேரங்களில் அப்பாயின்மென்ட் என்ற பேச்சே கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உதடு நீலம், வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜாசின் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-க்கு அழையுங்கள். மகளுக்குப் போன் போட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அவரிடம் வழியில் பேசிக்கொள்ளலாம். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதும், பல்லுக்கு நடுவில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள், எத்தனை நிமிடம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

டெங்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மை ஏமாற்றும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கும். “விட்டுடுச்சு, கிளினிக் வேண்டாம்” என்று நாம் நினைப்போம். ஆபத்து தொடங்குவது அப்போதுதான். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறது என்றால் உடனே கொண்டு போங்கள். டெங்கி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள்.

அம்மை போட்டதுபோல் தடிப்பு இருந்தால் பிள்ளையை வரிசையில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்கட்டும், இன்னொருவர் கவுண்டரில் போய்ச் சொல்லட்டும். பக்கத்து நாற்காலியில் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தை இருக்கலாம். வீட்டில் வேப்பிலை கட்டி அம்மனுக்கு வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம். அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள்.

கைப்பேசி யாரிடம் இருக்கிறது?

இப்போது பல அரசுக் கிளினிக்குகளில் மைசெஜாத்ரா செயலி வழியாக நேரம் வாங்கலாம். செயலி மகளின் கைப்பேசியில், மகள் தொழிற்சாலையில், பிள்ளை உங்கள் மடியில். நாளும் நேரமும் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே நாள் கிடைத்த அன்றே சுவரில் தொங்கும் குதிரைப் படம் போட்ட நாள்காட்டியில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகமும் மைகிட் அட்டையும் அம்மாவின் கைப்பையில் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டிலேயே ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் ஒரு தாளில் எழுதி அதே பையில் வையுங்கள்.

போவதற்கு முன் முடிந்தால் கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். திங்கட்கிழமை காலைதான் கூட்டம் அதிகம். பிள்ளை நன்றாக விளையாடுகிறது, வெறும் சளிதான் என்றால் எந்த நேரம் கூட்டம் குறையும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் இடைவேளை நீளம் என்பதை மறந்துவிடாதீர்கள். கிளினிக்கின் தொலைபேசி எண்ணை நாள்காட்டியின் மேல் ஓரத்தில், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்கு எழுதி வையுங்கள். மூத்த பேரன் இருந்தால் அவனையே எழுதச் சொல்லுங்கள்.