பக்கம் நிறைய எழுதியும் புள்ளி ஏன் குறைகிறது?

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியுரிமைக் கல்வி
இரண்டாம் பகுதி வினாக்களுக்கு விடை எழுதும் முறை



தவணைப் பரீட்சை முடிந்த ஒரு மாலை வகுப்பில் மாணவி ஒருவர் தனது விடைத்தாளை என் மேசையில் விரித்து வைத்தார். "சேர், இந்த ஒரு கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினனான். பத்துக்கு மூன்றுதான் போட்டிருக்கு. பக்கத்தில இருந்தவள் அரைப் பக்கம்தான் எழுதினவள், அவளுக்கு ஒன்பது. இது நியாயமா சேர்?" என்று கேட்டார்.

அந்த மாணவி அப்பாடத்தில் பெற்ற மொத்தப் புள்ளி 46. ஒரே வினாவில் இழந்த ஏழில் நான்கைப் பெற்றிருந்தால் அது 50 ஆகியிருக்கும். அந்த நான்கு புள்ளிகளின் பெறுமதியை முதலில் விளங்கிக் கொள்வோம்.

1. தரங்கள்

ஏ – 75 உம் அதற்கு மேலும்
பி – 65 முதல் 74 வரை
சி – 50 முதல் 64 வரை (திறமைச் சித்தி)
எஸ் – 35 முதல் 49 வரை (சாதாரண சித்தி)
டபிள்யூ – 35 இற்குக் கீழ் (சித்தியின்மை)

உயர்தர வகுப்பில் சேர்வதற்கு மூன்று பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் கடினமாக உள்ள பிள்ளைக்கு அந்த மூன்றில் ஒன்றாகக் கைகொடுக்கக்கூடிய பாடம் குடியுரிமைக் கல்வி. எனவே 49 இற்கும் 50 இற்கும் இடையிலுள்ள ஒரு புள்ளியைச் சிறிதாக எண்ணாதீர்கள்.

2. பரீட்சகர் எதை எதிர்பார்க்கிறார்?

சாதாரண தரப் பரீட்சையில் உங்கள் விடைத்தாளில் இருப்பது சுட்டெண் மட்டுமே. நீங்கள் எந்த ஊர், எந்தப் பாடசாலை, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது பரீட்சகருக்குத் தெரியாது. அவர் கையில் புள்ளி வழங்கும் திட்டம் இருக்கும். அதிலுள்ள கருத்து உங்கள் விடையில் உண்டா என்றே அவர் பார்க்கிறார். பக்கங்களை அவர் எண்ணுவதில்லை.

இதை நானும் பிழை விட்டுத்தான் கற்றேன். கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் அழகான கையெழுத்தையும் நீண்ட விடையையும் கண்டால் ஏழு, எட்டு என்று போட்டுவிடுவேன். ஒருமுறை நண்பரான ஆசிரியர் ஒருவர் அதே தாள்களைப் புள்ளித் திட்டத்துடன் திருத்தியபோது, நான் எட்டுப் போட்ட விடைக்கு நான்குதான் கிடைத்தது. நான் காட்டிய தாராளம் அந்தப் பிள்ளைக்கு உதவவில்லை. தனது குறை எதுவென்று அறியவிடாமல் செய்துவிட்டது. அன்று முதல் புள்ளித் திட்டம் இல்லாமல் நான் தாள் திருத்துவதில்லை.

3. வினாச் சொல்லைக் கவனியுங்கள்

குறிப்பிடுக, பெயரிடுக: விடையை மட்டும் எழுதவும். முன்னுரை வேண்டாம்.
விளக்குக: கருத்தைச் சொல்லி, அதற்கான காரணத்தை அல்லது உதாரணத்தைச் சேர்க்கவும்.
வேறுபடுத்துக: இரு பக்கத்தையும் எழுதவும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் வேறுபாடு ஆகாது.
உமது கருத்தைத் தருக: நிலைப்பாட்டையும் அதற்கான காரணத்தையும் எழுதவும். காரணத்துக்கே புள்ளி.

4. பயிற்சி வினா 1 (10 புள்ளிகள்)

(அ) இலங்கையின் உள்ளூராட்சி நிறுவன வகைகள் மூன்றைக் குறிப்பிடுக. (3)
(ஆ) உள்ளூராட்சி நிறுவனமொன்றின் பணிகள் மூன்றை எழுதுக. (3)
(இ) பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டை விளக்குக. (4)

மூன்று புள்ளி பெற்ற விடை

மாணவி (அ) பகுதிக்கு உள்ளூராட்சியின் வரலாற்றை எட்டு வரிகளில் எழுதிவிட்டு, "மாநகர சபை, பிரதேச சபை, மாகாண சபை" என்று முடித்திருந்தார். மாகாண சபை உள்ளூராட்சி நிறுவனம் அன்று. அது 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின் மூலம் உருவாக்கப்பட்ட வேறொரு மட்டம். எனவே 2 புள்ளிகள்.

(ஆ) "மக்களுக்குச் சேவை செய்தல், பிரதேசத்தை அபிவிருத்தி செய்தல், வீதி விளக்குப் பொருத்துதல்." முதல் இரண்டும் எந்த அரச நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுச் சொற்கள். எனவே 1 புள்ளி.

(இ) "இரண்டும் மக்களுக்குச் சேவை செய்கின்றன. ஒன்று பெரியது, மற்றையது சிறியது." இதில் வேறுபாடு எதுவும் இல்லை. எனவே 0.

ஒன்பது புள்ளி பெறக்கூடிய விடை

(அ) மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை.

(ஆ) குப்பை அகற்றல். வீதி விளக்குகளைப் பராமரித்தல். பொது நூலகம் நடத்துதல்.

(இ) 1. பிரதேச சபை உறுப்பினர்கள் மக்களின் வாக்குகளால் தெரிவு செய்யப்படுகின்றனர். பிரதேச செயலாளரோ அரசாங்கத்தால் நியமிக்கப்படும் நிருவாக உத்தியோகத்தர்.
2. பிரதேச சபை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கி, தனது எல்லைக்குள் உபவிதிகளை ஆக்கவும் வரி அறவிடவும் முடியும். பிரதேச செயலகம் அரசாங்கத்தின் நிருவாக வேலைகளை மக்களுக்கு அருகே கொண்டுவந்து செய்கின்றது.

இதை மனனம் செய்யத் தேவையில்லை. உங்கள் ஊரைப் பாருங்கள். மட்டக்களப்பு நகரில் மாநகர சபை ஒன்று உண்டு. மண்முனை வடக்கு பிரதேச செயலகமும் உண்டு. காத்தான்குடியில் நகர சபையும் பிரதேச செயலகமும் உள்ளன. ஆரையம்பதியில் மண்முனைப் பற்று பிரதேச சபையும் அதே பெயரில் பிரதேச செயலகமும் இருக்கின்றன. உங்கள் தெருவில் குப்பை வண்டி வராவிட்டால் அப்பா எங்கே முறையிடுவார்? பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுக்க அம்மா எங்கே போவார்? முதலாவது சபை, இரண்டாவது செயலகம்.

இன்னுமொரு உதாரணம். நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 ஆந் திகதி தேர்தல் நடைபெறும் வரை அச்சபைகளில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கவில்லை. உத்தியோகத்தர்களே சபைகளை நிருவகித்தனர். பிரதேச செயலகங்களோ எந்த மாற்றமுமின்றி இயங்கின. காரணம், அவை தேர்தலில் தங்கியிருப்பவை அல்ல. இதை விளங்கிய பிள்ளைக்கு (இ) பகுதி கடினமாக இராது.

5. பயிற்சி வினா 2 (10 புள்ளிகள்)

(அ) உற்பத்திக் காரணிகள் நான்கையும் பெயரிடுக. (2)
(ஆ) வாவி மீன்பிடியை உதாரணமாகக் கொண்டு அவற்றை விளக்குக. (4)
(இ) வாடைக்காற்றுக் காலத்தில் கடல் மீனின் விலை உயர்வது ஏன் என விளக்குக. (4)

(அ) நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை. ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி.

(ஆ) இதைக் கொடுத்தபோது ஒரு தம்பி, "வாவி தண்ணிதானே சேர், அது எப்படி நிலம் ஆகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பொருளியலில் நிலம் என்பது மண்ணை மட்டும் குறிப்பதில்லை. இயற்கை தந்த வளங்கள் அனைத்தும் அதில் அடங்கும். எனவே விடை பின்வருமாறு அமையும்:

நிலம் – வாவியும் அதிலுள்ள மீன் வளமும்.
உழைப்பு – வலை வீசுபவர், தோணி வலிப்பவர் ஆகியோரின் உடல், உள முயற்சி.
மூலதனம் – தோணி, வலை. இவை மனிதரால் ஆக்கப்பட்டு, மேலும் உற்பத்தி செய்யப் பயன்படுபவை.
முயற்சியாண்மை – ஏனைய மூன்றையும் ஒன்றுசேர்த்து, நட்டம் வரலாம் என அறிந்தும் தொழிலை நடத்தும் திறன்.

பலர் மூலதனம் என்பதற்குப் "பணம்" என்று மட்டும் எழுதுவர். பணம் பெட்டிக்குள் இருந்தால் மீன் பிடிபடாது. அது வலையாகவோ தோணியாகவோ மாறும்போதே உற்பத்திக்கு உதவுகின்றது.

(இ) காற்றும் அலையும் கடுமையாக இருப்பதால் படகுகள் கடலுக்குச் செல்வது குறையும் (1). சந்தைக்கு வரும் மீனின் நிரம்பல் வீழ்ச்சியடையும் (1). மீனுக்கான கேள்வி ஏறக்குறைய முன்போலவே இருக்கும் (1). கேள்வி மாறாதிருக்க நிரம்பல் குறைவதால் விலை உயரும் (1).

"மழை பெய்வதால் விலை கூடும்" என்று மட்டும் எழுதினால் ஒரு புள்ளிக்கு மேல் கிடைக்காது. மழையிலிருந்து விலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும்.

6. அரசியல் பற்றிய வினாக்கள்

தேர்தல், அதிகாரப் பகிர்வு, இன நல்லிணக்கம் போன்ற வினாக்களில் சில பிள்ளைகள் ஒரு கட்சியைப் புகழ்ந்தோ ஏசியோ எழுதிவிடுகின்றனர். வேறு சிலர் எதையும் எழுதப் பயந்து விட்டுவிடுகின்றனர். இரண்டும் வேண்டாம். உதாரணமாக, "1988 இல் இணைக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாகாணங்கள் உயர் நீதிமன்றத்தின் 2006 ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து 2007 முதல் தனித்தனியாக இயங்குகின்றன" என்பது ஒரு தகவல். அதை எழுத எவருக்கும் பயப்படத் தேவையில்லை. கருத்துக் கேட்டால், தகவலை முதலில் வைத்து, அதிலிருந்து உங்கள் காரணத்தைக் கட்டுங்கள்.

7. இன்று இரவே செய்யுங்கள்

1. கடந்த கால வினாத்தாள் ஒன்றை எடுத்து, வினாச் சொற்களின் கீழும் புள்ளி எண்ணிக்கையின் கீழும் கோடிடுங்கள்.
2. ஒரு வினாவுக்கு விடை எழுதி, தோழருடன் தாள் மாற்றித் திருத்துங்கள். புள்ளி போட்ட இடத்தில் காரணத்தையும் எழுதுங்கள்.
3. ஒவ்வொரு பாட அலகுக்கும் உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் தேடுங்கள்.

முதலில் சொன்ன மாணவி அந்தத் தாளை இப்படித்தான் மீண்டும் எழுதினார். இம்முறை முக்கால் பக்கம், எட்டுப் புள்ளிகள். "சேர், எனக்கு இதெல்லாம் முதலே தெரியும்தானே" என்றார். உண்மைதான். உங்களில் பலருக்கும் தெரியும். தெரிந்ததை வினா கேட்ட இடத்தில், கேட்ட அளவில் எழுதுங்கள்.

வெற்றி பெற வாழ்த்துகிறேன்.