உறங்கும் மொட்டுகளை எழுப்புவது எப்படி?

உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் செல்பவர்கள் வழிநெடுகத் திராட்சைப் பந்தல்களைக் காணலாம். கவாத்து முடிந்த பந்தலை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் சற்றுத் திகைத்துப்போவார்கள். கம்பி வலையின் மேல் பழுப்பு நிறக் குச்சிகள் மட்டுமே கிடக்கும். ஓர் இலைகூட இராது. கொடிகள் பட்டுப்போய்விட்டனவோ என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அக்குச்சிகளின் கணுக்களிலிருந்து இளந்துளிர்கள் எட்டிப் பார்க்கும். நான்கு மாதங்களில் கருநீலக் குலைகள் தொங்கும்.

இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இவ்வகைக்கு உலகம் வழங்கும் பெயர். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் தானே இலையுதிர்த்து உறங்கிவிடும், இளவேனிலில் எழும், ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் கொடியை உறங்கவைக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. ஆகவே இங்கே கொடியை எழுப்பும் நாளைக் கவாத்துக் கத்தரியே குறிக்கிறது. ஒரு தோட்டத்தில் இந்த மாதம், அடுத்த தோட்டத்தில் வரும் மாதம் என்று கவாத்து நடப்பதால்தான் இப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை கிடைக்கிறது.

இதே கத்தரி வேலையைக் கொண்டு, உங்கள் வீட்டுச் சுவரோரம் நெடுநெடுவென்று வளர்ந்து, அடியில் இலையே இல்லாமல் நிற்கும் காகிதப்பூச் செடியை ஒரு குட்டை மரமாக்க முடியும். ஜப்பானியர் இக்கலையைப் போன்சாய் என்பர். அகலத் தட்டில் நட்டு வளர்ப்பது என்று அச்சொல்லுக்குப் பொருள். கலை ஜப்பானுடையது மட்டுமன்று. அங்கு செல்லும் முன்பே சீனாவில் இருந்தது. கி.பி. 706இல் அமைக்கப்பட்ட சீன இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு மரங்கள் நட்ட தட்டை ஏந்திவரும் பணியாளைக் காணலாம்.

ஆனால் கத்தரியை எடுக்கும் முன் செடியைப் படிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரே செடியாக இருக்கலாம். தவறான இடத்தில் விழுந்த வெட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

செடி ஏன் நெடுத்துப் போகிறது?

முதற்காரணம் நிழல். ஒளி குறைந்த இடத்தில் செடி கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள இடைவெளியை நீட்டிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. இரு சுவர்களுக்கிடையே நிற்கும் செடியில் கணுவிடைப் பகுதிகளை அளவுகோலால் அளந்து, திறந்த வெளியில் நிற்கும் அதே இனச் செடியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிழற்செடியை அங்கேயே வைத்து எத்தனை முறை வெட்டினாலும் புதுக்கிளைகளும் நெடுத்தே வளரும். எனவே முதல் வேலை வெட்டுவதல்ல. செடியை வெயிலுக்குக் கொண்டுவருவது. காகிதப்பூவுக்கு முழு வெயிலே வேண்டும்.

இரண்டாவது காரணம் நுனி ஆதிக்கம். ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு உண்டு. காகிதப்பூவில் முள் எழும் இடமும் அதுதான். (அந்த முள் தண்டின் மாற்றுரு என்று தாவரவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.) இலை உதிர்ந்தபின் அங்கே ஒரு தழும்பு மிஞ்சும், மொட்டு பட்டையோடு பட்டையாக உறங்கிக் கிடக்கும். தண்டின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரை கீழுள்ள மொட்டுகளில் பெரும்பாலானவை எழுவதில்லை.

நுனி எவ்வாறு இதைச் செய்கிறது? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில், இளந்தளிரின் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே செல்கிறது என்று காட்டினர். அச்செய்தியைச் சுமந்து செல்வது ஆக்சின் என்னும் ஹார்மோன் என்பது 1920களிலும் 1930களிலும் தெளிவாயிற்று. 1933இல் திமான், ஸ்கூக் என்ற இரு அறிவியலார் ஓர் அவரையினச் செடியின் நுனியை வெட்டினர். பக்க மொட்டுகள் எழுந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தபோதோ, நுனியே இல்லாவிட்டாலும் மொட்டுகள் அடங்கியே கிடந்தன! அழகான சோதனை.

கதை இத்துடன் முடியவில்லை. வேர்நுனிகளில் உண்டாகி மேலேறும் சைட்டோகைனின் மொட்டுகளை எழத் தூண்டுகிறது. ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற மற்றொரு வகை ஹார்மோன் கிளைப்பதைத் தடுக்கிறது என்பது 2008இல் தெரியவந்தது. 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் இன்னொன்றைக் கண்டனர். நுனியை வெட்டிய சில மணி நேரத்திற்குள், ஆக்சின் குறைந்த செய்தி வந்து சேரும் முன்பே, தொலைவிலிருந்த மொட்டு வளரத் தொடங்கியது. காரணம் சர்க்கரை. அதுவரை பசிமிகுந்த நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் மொட்டுகளுக்குப் பாய்ந்துவிட்டது. வீட்டில் மூத்தவன் ஊருக்குப் போனதும் இளையவர்கள் தட்டில் இரண்டு இட்லி கூடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பள்ளியில் செய்து பார்க்க

தட்டைப்பயறு விதைகளை ஒரே மாதிரியான சிறு தொட்டிகளில் விதைத்து, மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்குப் பத்துச் செடிகள் இருந்தால் நல்லது. முதற்குழுவை அப்படியே விடுங்கள். இரண்டாம் குழுவில் முதல் இரு இலைகளுக்கு மேலே தண்டை வெட்டிவிடுங்கள். மூன்றாம் குழுவில் வெட்டாமல், தண்டைக் கிடைமட்டமாக வளைத்துக் குச்சியில் கட்டுங்கள். இரண்டு வாரங்கள் நாள்தோறும் பக்க மொட்டுகளின் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்து வரைபடம் போடுங்கள். மூன்றாம் குழுவின் வளைந்த தண்டை ஊன்றிக் கவனியுங்கள்: எந்த மொட்டு எழுகிறது, மேற்பக்கமா, கீழ்ப்பக்கமா? பிறகு திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏன் கிடைமட்டமாகப் படரவிடுகிறார்கள் என்று யோசியுங்கள்.

எல்லாத் தாவரங்களும் இதற்கு இணங்கா. இதே பள்ளத்தாக்கின் தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே வளர்நுனிதான். குருத்து அழிந்தால் மரமே போயிற்று. மாற்றாக எழுவதற்கு உறங்கும் மொட்டு ஏதும் அங்கே இல்லை. தேயிலையோ நேர் எதிர். விட்டால் மரமாக வளரக்கூடியது அது. மேகமலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்தும் இடுப்பளவுப் புதராகவே வைத்திருக்கிறார்கள். காகிதப்பூ தேயிலையின் கட்சி. முதிர்ந்த கட்டையிலிருந்தும் துளிர்க்கும்.

பருத்த அடிமரம் எங்கிருந்து வரும்?

போன்சாய் பழகுவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். சிறு செடியைச் சிறு தட்டில் நட்டு, அடிக்கடி கிள்ளிவந்தால் குட்டை மரமாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். பத்தாண்டு கழித்தும் அது பென்சில் போன்ற தண்டோடு நிற்கும். தண்டைப் பருக்கச் செய்வது பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்னும் வளர்திசு. இலைகள் சமைத்த உணவு கீழிறங்கினால்தான் அது வேலை செய்யும். இலை குறைந்தால் உணவு குறையும். உணவு குறைந்தால் தண்டு பருக்காது. ஆகவே பருத்த அடிமரம் வேண்டுமானால் முதலில் செடியை நிலத்திலோ பெரிய தொட்டியிலோ மனம்போல நீள விடத்தான் வேண்டும்! உங்கள் சுவரோரச் செடி இத்தனை ஆண்டுகள் நெடுத்து வளர்ந்தது வீணாகவில்லை. அதன் கணக்கு அடிமரத்தில் இருக்கிறது. அடி கட்டைவிரலைவிடப் பருத்திருந்தால் துணிந்து தொடங்கலாம்.

பூத்து ஓய்ந்தபின், செடி திடமாக இருக்கும்போது வெட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம், வெட்டுவாய் அழுகும். நோயுற்ற செடியிலும் வேண்டாம். இலையிழந்த செடி, தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாப்பொருளைச் செலவழித்துத்தான் புதிதாகத் துளிர்க்க வேண்டும். கையிருப்பு இல்லாதவனிடம் செலவு வைப்பது அறமன்று.

30 செ.மீ. உயர மரம் வேண்டுமென்றால் அடிமரத்தை ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்தில் வெட்டுவது போன்சாய்க் கலைஞர்களின் வழக்கம். மீதி உயரத்தைப் புதுக்கிளையே தரும். அடி பருத்தும் மேலே மெலிந்தும் போவதால்தான் கண்ணுக்கு முதுமரம் போலத் தோன்றுகிறது. கணுத் தழும்பைத் தேடி, அதற்கு மேலே ஒன்றிரண்டு செ.மீ. விட்டு, நீர் தேங்காதவாறு சாய்வாக வெட்டுங்கள். ஒட்ட வெட்டலாகாது, காகிதப்பூவில் வெட்டுக்குக் கீழே சிறிது தூரம் கட்டை பட்டுப்போவதுண்டு. எஞ்சும் முளையைப் பின்னர் நறுக்கிக்கொள்ளலாம். கத்தரி கூர்மையாக இருக்கட்டும்; நசுங்கிய பட்டை ஆறாது.

வெட்டியபின் நாள்தோறும் குடம் குடமாக ஊற்றாதீர்கள். இலை இல்லாத செடி நீராவிப்போக்கு இல்லாத செடி. அதற்கு நீர்ச் செலவு மிகக் குறைவு. இந்நிலையில் செடிகள் வாடி மடிவதைவிட வேரழுகி மடிவதே மிகுதி. மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். உரத்தையும் புதிய இலைகள் முற்றும் வரை தள்ளிவையுங்கள்.

துளிர்கள் கொத்தாக வரும். பார்க்க ஆசையாக இருந்தாலும் எல்லாவற்றையும் விட்டுவைக்க முடியாது. தலைமைக்கு ஒன்று, வெவ்வேறு திசைகளில் கிளைக்கு இரண்டு மூன்று தவிர மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். விட்டவற்றை உடனே வெட்டாதீர்கள். நீளட்டும், அடி பருக்கட்டும். பிறகு இரண்டு மூன்று கணு மட்டும் நிறுத்தி வெட்டுங்கள். எந்தத் திசையில் கிளை வேண்டுமோ அந்தத் திசை நோக்கிய மொட்டு வெட்டுக்கு அடுத்துக் கீழே இருக்கட்டும். தென்சீனத்தின் லிங்னான் கலைஞர்கள் வளர்க்கவும் வெட்டவுமாகவே மரத்தை வனைகிறார்கள். கம்பி சுற்றி வளைப்பதை அவர்கள் அதிகம் நம்புவதில்லை. வெப்பம் மிகுந்த நம் நாட்டுக்கும் இம்முறையே பொருந்தும் என்பது என் கருத்து. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கிளை இரண்டாகப் பிரிவதாகக் கொண்டால், ஐந்து வெட்டுகளில் ஒன்று முப்பத்திரண்டாகும். குளிர்நாட்டில் வளரும் பருவம் சில மாதங்களே. நமக்கோ ஆண்டில் பெரும்பகுதி. கிளைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைந்து இலைகளும் சிறுக்கும். பூக்கள் அவ்வாறு சிறுப்பதில்லை.

தட்டுக்கு மாற்றுவது கடைசி வேலை. காகிதப்பூவின் வேர்கள் மெல்லியவை, எளிதில் முறிபவை. மேலே பெருவெட்டு நடந்த அதே பருவத்தில் கீழே வேரை வெட்டாதீர்கள். மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் வேர்நுனியிலிருந்து வர வேண்டும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். செம்மண், ஆற்றுமணல், மட்கிய எரு கலந்து, அடியில் துளையுள்ள தட்டில் நடுங்கள்.

இப்படி வெட்டி வளர்ப்பது மரத்தை வதைப்பதாகாதா என்று கேட்கலாம். வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானியப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்பட்டுவரும் மரம் அது. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில், ஒரு வீட்டு மதிலின் மறைவில் நின்று பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாக வழங்கப்பட்டது. நூற்றாண்டுகளாகக் கத்தரியையே கண்ட மரம்! கத்தரியைவிட, நீரூற்ற மறந்த ஒரு நாளே தட்டிலுள்ள மரத்துக்கு எமன்.

கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும் காற்று, தேவாரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்காது. நாலு விரற்கிடை மண்ணுள்ள தட்டை அரை நாளில் உலர்த்திவிடும். அம்மாதங்களில் தட்டைக் காற்று மறைவில், ஆனால் வெயில் படும் இடத்தில் வையுங்கள். காலையிலும் மாலையிலும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து நீரூற்றுங்கள். காற்று அடங்கி, மழையும் ஓய்ந்து, கிளைகள் முற்றியபின் நீரைச் சற்றுக் குறைத்தால் வண்ணச் செதில்கள் விரியும். அவற்றின் நடுவே நிற்கும் வெளிறிய சிறு குழல்தான் உண்மையான பூ.